நான்காம் கட்ட நுரையீரல் புற்றுநோய்: அப்பாவுக்குக் கொடுத்த எஸ்பிஆர்டி ரேடியேஷன்

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தபோதே நான்காம் கட்டம், அதாவது வேறு இடங்களுக்கும் பரவிய நிலை. ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்ததால் அதைக் குறிவைக்கும் ஓசிமெர்டினிப் மாத்திரை கொடுத்தார்கள், நன்றாகவே கேட்டது. பிறகு, நோய் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் மற்ற இடமெல்லாம் அடங்கிக் கிடக்க, வலது நுரையீரலின் அடிப்பகுதிக் கட்டி மட்டும் வளர்ந்திருந்தது. மாத்திரையை மாற்றாமல், அந்த ஓர் இடத்துக்கு மட்டும் எஸ்பிஆர்டி (கட்டியைத் துல்லியமாகக் குறிவைத்துக் கொடுக்கும் ரேடியேஷன்) கொடுக்கலாம் என்றார் டாக்டர்.

வழக்கமான ரேடியேஷன் என்றால் 60 கிரேயை (கிரே என்பது கதிர் அளவின் அலகு) 30 தடவையாகப் பிரித்து ஆறு வாரம் கொடுப்பார்கள். எஸ்பிஆர்டியில் ஒவ்வொரு தடவையும் அளவு மிக அதிகம். பெரும்பாலும் 5 தடவைக்குள் முடிந்துவிடும். அதனால் குறி தப்பவே கூடாது. மூச்சு விட விட அடிப்பகுதிக் கட்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட நகரும். அந்த நகர்வை 4டி சிடி ஸ்கேனில் படம் பிடித்துத்தான் திட்டம் போடுகிறார்கள்.

கதிர் படுவது தெரியவே இல்லையாம். அப்பா பட்ட பாடெல்லாம் கைகளைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுத்ததுதான். தோள் வலி உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

முக்கியமாக இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எல்லாம் முடிந்து சில மாதம் கழித்து வறட்டு இருமல், லேசான காய்ச்சல், படி ஏறினால் மூச்சு வாங்கியது. பக்கத்து கிளினிக்கில் சளி என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், குறையவில்லை. அது ரேடியேஷன் நிமோனைட்டிஸ், அதாவது கதிர் பட்ட நுரையீரலில் வரும் அழற்சி. பெரும்பாலும் 1 முதல் 6 மாதத்துக்குள் தலைகாட்டும். ஓசிமெர்டினிப்பாலும் இதே தொல்லை வரலாம் என்பதால் அதையும் நிறுத்திவைத்து, ஸ்டீராய்டு கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அப்பா தேறிவிட்டார். எந்த டாக்டரிடம் போனாலும் நெஞ்சில் ரேடியேஷன் கொடுத்திருப்பதை முதலில் சொல்லுங்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

* * *

நன்றி சகோதரி. என் அத்தைக்கு நுரையீரலிலிருந்து மூளைக்குப் பரவி இரண்டு மூன்று புள்ளிகள். தலை முழுக்கக் கொடுத்தால் ஞாபகசக்தி பாதிக்கலாம் என்று அந்தப் புள்ளிகளுக்கு மட்டும் எஸ்ஆர்எஸ் (மூளையில் இதே போலக் குறிவைத்துக் கொடுக்கும் ரேடியேஷன்) கொடுத்தார்கள். முகத்தை இறுக்கிப் பிடிக்கும் அந்த மாஸ்க்தான் அவருக்குப் பெரிய பயம். டெக்னீஷியன் பெண் மைக்கில் பேசிக்கொண்டே இருந்ததால் சமாளித்தார். வேறு இடத்தில் புதிதாக முளைக்கலாம் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எம்ஆர்ஐ எடுக்கிறோம்.

* * *

மாமனாருக்கு அடுத்த வாரம் ரேடியேஷன் தொடங்குகிறது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அவரைத் தனி அறையில் வைக்க வேண்டுமா?

* * *

வேண்டாம் சகோதரி. மெஷினிலிருந்து வெளியே கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து குழந்தையைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம்.