விளையாட்டுச் சங்கங்களை அமைச்சர் கலைக்கலாமா? 1973ஆம் ஆண்டுச் சட்டம் பற்றி ஒரு வாக்குவாதம்

வடமராட்சியான்

இலங்கையில் விளையாட்டை இன்றும் ஆள்வது 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். தேசிய அணி வெளிநாடு போக அமைச்சர் ஒப்புதல் தர வேண்டும். ஒரு சங்கத்தின் பதிவை அவர் இடைநிறுத்தலாம், தனக்குப் பிடித்தவர்களைக் கொண்டு இடைக்கால நிர்வாகம் அமைக்கலாம். புதுச் சட்டம் வருகிறது, வருகிறது என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். அது வரும்போது இந்த அதிகாரத்தை அமைச்சரிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் வாதம்.

ஏன் என்று கேட்பவர்கள் 2023 நவம்பரை நினைத்துப் பாருங்கள். 2ஆம் திகதி உலகக் கிண்ணக் கிரிக்கெட்டில், மும்பை வான்கடே மைதானத்தில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டோம். 6ஆம் திகதி அமைச்சர் ரொஷான் ரணசிங்க கிரிக்கெட் சபையைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 9ஆம் திகதி சபை வெளியேற வேண்டும் என்று பாராளுமன்றம் ஏகமனதாகத் தீர்மானித்தது. 10ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் சபையான ஐ.சி.சி. எங்களை இடைநிறுத்தியது. 27ஆம் திகதி அமைச்சரின் பதவியே போனது. சபை இருந்த இடத்திலேயே இருந்தது. நட்டம் பட்டது பையன்கள்தான். இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது.

கொட்டாஞ்சேனை

அண்ணை, கதையைப் பாதியில் தொடங்குகிறீர்கள். 55 ஓட்டத்துக்காக மட்டுமா அமைச்சர் கை வைத்தார்? 2022 ஆஸ்திரேலியா டி20 உலகக் கிண்ணப் பயணத்தின் செலவு பற்றிக் கணக்காய்வுத் தரப்பு தனி அறிக்கையே வெளியிட்டிருந்தது. அந்தக் காலத்தில் சபைத் தேர்தலில் 140க்கும் அதிகமான வாக்குகள். இந்தியா அளவு நாட்டின் வாரியத்திலேயே 40 வாக்கு இல்லை. வாக்குப் போடும் கழகங்களுக்கு மானியம் கொடுப்பதும் அதே சபை. அப்படியானால் உள்ளே இருப்பவரைத் தேர்தலில் தோற்கடிப்பது எப்படி? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. ஆட்ட நிர்ணயத்துக்கு 10 வருடம் வரை சிறை என்ற சட்டம் 2019 நவம்பரில் வந்தது. தெற்காசியாவில் அப்படி ஒன்று அதுதான் முதல். அதைக் கொண்டுவந்தது பாராளுமன்றம். சங்கங்களை அவற்றின் பாட்டுக்கு விட்டிருந்தால் இன்னும் கூட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

வடமராட்சியான்

தம்பி, நீங்கள் சொன்ன இரண்டும் எனக்குத்தான் சாதகம். கணக்காய்வாளர் நாயகம் அமைச்சரின் ஆள் இல்லை. ஆட்ட நிர்ணயச் சட்டத்தை நடத்துவது நீதிமன்றம். கணக்குப் பாருங்கள், வழக்குப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? 2017 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஒருநாள் தொடருக்காக இந்தியாவுக்கு விமானம் ஏறவிருந்த 9 வீரர்களை, அணிக்குத் தான் ஒப்புதல் தரவில்லை என்று அப்போதைய அமைச்சர் திருப்பி அழைத்தாரே! அதில் எந்த ஊழலைப் பிடித்தார்கள்?

ஸ்கார்பரோ வாசி

1996இல் கிண்ணம் தூக்கியதும் இதே 1973 சட்டத்தின் கீழ்தான், மறக்க வேண்டாம். பிறகு ஒளிபரப்புக் காசு வந்தது. காசைப் பார்த்து ஆட்கள் வந்தார்கள். சட்டத்தை மாற்றினால் அந்த ஆட்கள் போய்விடுவார்களா?

லைன்ஸ்மேன்

எல்லோரும் கிரிக்கெட்டையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கிரிக்கெட் இடைநிறுத்தப்பட்ட காலத்திலும் அணி விளையாடியது. 2024 ஜனவரியில் சிம்பாப்வே இங்கே வந்து தொடர் ஆடிவிட்டுப் போனது, தடை அந்த மாதம் 28ஆம் திகதிதான் நீங்கியது. உதைபந்தாட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. 2023 ஜனவரி 21 முதல் ஓகஸ்ட் கடைசி வரை உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பிஃபா எங்களைத் தள்ளி வைத்தது. எங்கள் சம்மேளனத் தேர்தலில் வெளியார் தலையீடு என்பது காரணம். அந்த வருடம் பெங்களூரில் நடந்த சாஃப் என்ற தெற்காசிய உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியில் மற்ற நாடுகள் ஆட, நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். 1995இல் இந்தியாவை 1-0 என்று வென்று அதே தெற்காசியக் கிண்ணத்தை எடுத்த நாடு இது.

ஒரு உதைபந்து வீரனுக்குத் தேசிய அணியில் இருக்கும் காலமே கொஞ்சம். அதில் ஏழு மாதம் போனால் யார் திருப்பித் தருவது? அமைச்சரா, சம்மேளனமா? இரண்டு தரப்புமே அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போய்விடும்.

கொட்டாஞ்சேனை

ஐ.சி.சி., பிஃபா என்று பயமுறுத்துவதை நான் நம்புவதில்லை. 2017 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் கிரிக்கெட் வாரியத் தலைவரையே நீக்கியது. வினோத் ராய் தலைமையில் நிர்வாகிகள் குழு வந்து 2019 ஒக்டோபர் வரை வாரியத்தை நடத்தியது. ஐ.சி.சி. வாய் திறந்ததா? அதே 2019 ஜூனில் சிம்பாப்வே அரசின் விளையாட்டு ஆணைக்குழு அங்குள்ள கிரிக்கெட் சபையை இடைநிறுத்தியபோது மட்டும் அடுத்த மாதமே தடை. டி20 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றையும் அவர்கள் இழந்தார்கள். பெட்டி நிறைந்தவனுக்கு ஒரு நீதி, காய்ந்தவனுக்கு ஒரு நீதி. இந்த விதிக்குப் பயந்து எங்கள் வீட்டுத் திருடனை விட்டுவைக்கச் சொல்கிறீர்களா?

வடமராட்சியான்

இந்தியாவில் கை வைத்தது நீதிமன்றம், அமைச்சர் இல்லை. வருடக்கணக்காக வழக்கு நடந்தது, லோதா குழு விசாரித்து அறிக்கை கொடுத்தது, அதன் பிறகுதான் நீக்கம். இங்கே தோற்றது வியாழன், கலைத்தது திங்கள்.

லைன்ஸ்மேன்

நீதிமன்றம் என்றால் பிஃபா விட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம் அண்ணை. 2022 ஓகஸ்டில் இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்தைத் தடை செய்ததே உச்ச நீதிமன்றம் நியமித்த குழுவுக்காகத்தான். அந்தக் குழுவின் அதிகாரத்தை முடித்துவைத்த பிறகுதான் தடை நீங்கியது, இரண்டு கிழமைக்குள். ஆகவே நீதிமன்றம், அமைச்சர் என்ற உங்கள் கோடு கிரிக்கெட்டுக்கு மட்டும்தான் ஓடும்.

ஊர்ப் பொருளாளர்

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். நான் வடக்கில் ஒரு சின்னக் கழகத்துக்குப் பொருளாளர். ஊர்ப் பெயர் வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் விளையாட்டுக் கழகம், இளைஞர் கழகம், சனசமூக நிலையம் மூன்றிலும் இருப்பது அதே பிள்ளைகள். ஆனால் விளையாட்டுக் கழகத்தின் பதிவு விளையாட்டு உத்தியோகத்தரிடம். இளைஞர் கழகம் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்துக்குக் கீழே. சனசமூக நிலையம் உள்ளூராட்சிப் பக்கம். மூன்று யாப்பு, மூன்று நிர்வாகசபைப் பட்டியல், மூன்று கூட்டக் குறிப்புப் புத்தகம். மூன்றுக்கும் கையெழுத்து வைக்கும் ஆள் பெரும்பாலும் ஒரே ஆள். பின்னேரம் பந்து அடிக்க வந்தவனைப் பிடித்துச் செயலாளர் ஆக்கி வைத்திருக்கிறோம்.

ஒரு வருடம் பிரதேச மட்டப் போட்டியில் எங்களைச் சேர்க்கவில்லை. பதிவைப் புதுப்பிக்கும் கடிதத்தோடு கொடுத்த கணக்கறிக்கையில் ஒரு கையெழுத்துக் குறைவாம். பிள்ளைகள் சப்பாத்து போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்து நின்றார்கள். மேன்முறையீடு என்று போக எங்களுக்கு எந்த நீதிமன்றம்? கோடிகள் புரளும் சபையை அமைச்சர் தொட்டால் நான்கு நாளில் ஐ.சி.சி. வந்து நிற்கிறது. எங்களைத் தொட்டால் யாருக்கும் தெரியாது. நீங்கள் அமைச்சரின் அதிகாரம் என்று பேசுவது மேலே இருக்கிறவர்களின் சண்டை. இந்தச் சட்டத்தின் முழுப் பாரமும் விழுவது, ஓடி ஒளிய இடமில்லாத கழகங்களின் தலையில்.

மேற்பார்வையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் மைதானத்துக்கு அனுப்பிய காசு வழியில் கரைந்த கதை எங்கள் பகுதியில் நிறைய உண்டு. கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அங்கத்தவர் பட்டியலை அடையாள அட்டை இலக்கத்தோடு கொடு என்றால் எங்கள் ஆட்களுக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும். சண்டை முடிந்த பிறகும் ஊரில் கூட்டம் கூடினால் யார் யார் வந்தது என்று எழுதிப் போன காலம் இருந்தது. கொழும்பில் இருந்து பார்த்தால் அது வெறும் படிவம்.

ஸ்கார்பரோ வாசி

காசு அனுப்பிய ஆட்களில் நானும் ஒருவன். ரசீது இன்னும் வரவில்லை. சும்மா சொன்னேன்.

வலைப்பந்து அக்கா

தம்பி பொருளாளர் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். பயிற்சியாளரைப் பற்றி ஒரு பிள்ளை முறைப்பாடு சொல்ல வேண்டும் என்று வையுங்கள். எங்கே போவாள்? சங்கத்திடமா? சங்கத்தில் இருப்பவர்கள் அந்தப் பயிற்சியாளரோடு ஒன்றாக விளையாடியவர்கள். அமைச்சிடமா? அமைச்சிலிருந்து கடிதம் திரும்பிச் சங்கத்துக்கே வரும், “அவதானத்துக்கு” என்று எழுதி.

2023 ஜனவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் வினேஷ் போகட்டும் சாக்ஷி மாலிக்கும் பஜ்ரங் புனியாவும் உட்கார்ந்ததைப் பார்த்தீர்கள்தானே. பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டு மல்யுத்தச் சம்மேளனத் தலைவர் மீது, அவர் ஆளுங்கட்சி எம்.பி. சங்கமும் அரசாங்கமும் ஒரே ஆளாக இருக்கும்போது இந்த இழையில் நீங்கள் போடும் சண்டைக்கே அர்த்தமில்லை. ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்களே தெருவில் உட்கார வேண்டியிருந்தது. பாடசாலை மட்டத்தில் ஆடும் பிள்ளை என்ன செய்வாள்?

2025 ஓகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தில் தனியாக ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது, வீரர்களுக்கென்று குழுவும் இருக்கிறது. நடைமுறையில் எப்படிப் போகும் என்பது வேறு கதை. எங்களிடம் அந்தக் கதவே இல்லை.

கொட்டாஞ்சேனை

அக்கா சொன்ன கதவு எனக்கும் பிடிக்கும். ஆனால் அதே இந்தியச் சட்டத்தில் அரசாங்கக் காசு வாங்கும் சங்கங்கள்தான் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும். கிரிக்கெட் வாரியம் வாங்குவதில்லை, ஆகவே வெளியே. சங்கங்களைச் சுதந்திரமாக விட்டால் இதுதான் நடக்கும். மண்டைதீவில் 2025 செப்டம்பர் 1ஆம் திகதி மைதான வேலையைத் தொடக்கி வைத்தது யார்? ஜனாதிபதி. அரசாங்கம் அழுத்தாமல் கிரிக்கெட் சபை தானாகக் கடல் தாண்டி வந்து யாழ்ப்பாணத்தில் மைதானம் கட்டியிருக்குமா? 1996க்குப் பிறகு எத்தனை வருடம்!

வடமராட்சியான்

மைதானம் கட்டட்டும், காசு ஒதுக்கட்டும், அது அரசாங்கத்தின் வேலை. நான் கேட்பது ஆட்களைத் தூக்கி ஆட்களைப் போடும் அதிகாரத்தை மட்டும். அதை ஒரு சுயாதீன ஆணைக்குழுவுக்குக் கொடுங்கள். தேர்தல் ஆணைக்குழு மாதிரி, அரசியலமைப்புப் பேரவை சிபாரிசு செய்யட்டும். காரணம் காட்டி, விளக்கம் கேட்டு, எழுத்தில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஒரு சங்கத்தை நிறுத்தலாம் என்று போடுங்கள். பொருளாளர் தம்பியின் கழகத்துக்கும் அதே விதி.

கொட்டாஞ்சேனை

அரசியலமைப்புப் பேரவையில் 10 பேர், அதில் 7 பேர் எம்.பி.க்கள். அமைச்சர் ஒருவரிடம் இருந்து எடுத்து ஏழு பேரிடம் கொடுக்கிறீர்கள்.

வடமராட்சியான்

ஏழு பேரும் ஒரே கட்சி இல்லை. திங்கட்கிழமை காலையில் கோபம் வந்து ஏழு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட மாட்டார்கள். அது போதும் எனக்கு.

கொட்டாஞ்சேனை

2023 நவம்பர் 9ஆம் திகதி 225 பேர் கொண்ட சபையே ஏகமனதாகச் சேர்ந்ததை நீங்கள்தானே மேலே எழுதினீர்கள் அண்ணை.

ஊர்ப் பொருளாளர்

அண்ணைமாரே, ஒரு கேள்வி. அந்த ஆணைக்குழு வந்தால் எங்கள் கணக்கறிக்கையை எங்கே கொடுப்பது? இப்போது பிரதேச செயலகத்துக்குச் சைக்கிளில் போய்விடலாம். கொழும்பு என்றால் பஸ் காசுக்கும் கழகக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

வலைப்பந்து அக்கா

கையெழுத்துக் குறையாமல் பார்த்துக்கொண்டு போங்கள் தம்பி.