கோரம் சேராத ஏஜிஎம்: ஒருத்தரை வைத்து நடத்தினால் செல்லுமா?

கோவையில் சின்ன பிரைவேட் லிமிடெட், பம்ப் உதிரிபாகம். பங்குதாரர் ரெண்டே பேர்: எனக்கு 60 சதவீதம், சித்தப்பா மகனுக்கு 40. அவன் ஏஜிஎம் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) பக்கமே வருவதில்லை. கோரத்துக்கு (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை) 2 பேர் வேணும், ப்ராக்ஸி (பதிலாக அனுப்பும் ஆள்) கணக்கில் சேராது.

21 நாள் நோட்டீஸ் ஸ்பீட் போஸ்டில் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் இருக்கு. வீடியோவில் வரச் சொன்னேன், லிங்க்கையே திறக்கலை. பெரியவங்களை வைத்தும் பேசியாச்சு. அரை மணி காத்திருந்து, கம்பெனிச் சட்டம் 103-ம் பிரிவுப்படி கூட்டம் அடுத்த வாரம் அதே நாள், அதே நேரத்துக்குப் போனது. அன்றைக்கும் நான், காலி நாற்காலிகள், ஆறிப்போன டீ. ஏஜிஎம் நடத்தி முடிக்க வேண்டிய செப்டம்பர் 30 கெடுவும் தாண்டிடுச்சு. ஆர்டிகிள்ஸில் (கம்பெனியின் உள்விதிகள்) கோரம் பற்றித் தனியாக எதுவும் இல்லை.

தள்ளிவைத்த கூட்டத்தில் வந்தவர்களே கோரம், அதனால் செல்லும் என்கிறார் ஆடிட்டர். தனி ஆள் உட்கார்ந்தால் அது கூட்டமே இல்லை என்கிறார் சிஎஸ், அதாவது கம்பெனி செக்ரட்டரி (எனக்கும் அப்படித்தான் படுது).

அன்று நிறைவேற்றிய கணக்கு செல்லுமா, இல்லை 97-ம் பிரிவில் சென்னை என்சிஎல்டி (கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்) போய் ஒருத்தரே போதும்னு உத்தரவு வாங்கித்தான் ஆகணுமா?