48 அங்குலப் புரியில் ஈய உருண்டை சிதறுவது ஏன்?

வணக்கம். குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் 0.50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) ரைஃபிள் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். அதன் குழலிலுள்ள வரிப்பள்ளங்களின் புரி (சுருளாக ஓடும் அப்பள்ளங்கள் ஒரு முழுச் சுற்றுக்கு எடுக்கும் நீளம்) குறித்து அனுபவமுள்ளவர்களின் கருத்து தேவைப்படுகிறது.

துடைகோலின் முனையில் துணியை இறுக்கமாகச் சுற்றி, கோலில் மையால் கோடிட்டு உள்ளே செலுத்தியபோது, 24 அங்குல நீளத்தில் அது அரைச் சுற்றுச் சுழன்றது. ஆகவே 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. துணி சுற்றிய உருண்டைக்கு 60 முதல் 72 அங்குலம் வரையிலான மெதுவான புரியும், நீண்ட குண்டுக்கு 28 முதல் 32 வரையிலான வேகமான புரியும் ஏற்றவை என்பதால், என்னுடையது இரண்டுக்கும் நடுவிலான சமரசமே. நீண்ட குண்டுகளுக்குத் தேவையான புரியைக் கணக்கிட 1879இல் கணிதவியலாளர் கிரீன்ஹில் வகுத்த சூத்திரத்தை உருண்டைக்குப் பொருத்திப் பார்த்தாலும் 75 அங்குலம்தான் வருகிறது.

60 கிரெய்ன் (சுமார் 3.9 கிராம்) கரிமருந்தில், 50 கஜத் தொலைவில், ஐந்து துளைகளும் உள்ளங்கைக்குள் அடங்குகின்றன; 90 கிரெய்னுக்கு உயர்த்தினால் இலக்குத்தாள் முழுவதும் பரவிவிடுகின்றன. சுட்டபின் பொறுக்கிய துணிகளில், உருண்டை அமர்ந்த வட்டத்தின் விளிம்பில், வரிமேடுகள் (பள்ளங்களுக்கு இடைப்பட்ட மேடுகள்) பட்ட இடங்களில் மட்டும் கிழிசல் தெரிகிறது. உருண்டை 0.490 அங்குலம், துணி 0.015 அங்குலம்.

வேகம் கூடும்போது உருண்டை பள்ளங்களின் பிடியிலிருந்து வழுக்குகிறதா, அல்லது துணி கிழிவதே முதற்காரணமா? எனக்குத் துணியின் மீதுதான் சந்தேகம். 0.018 அங்குலத் துணிக்கு மாறியவர்கள், அல்லது 66 அங்குலப் புரியுள்ள குழலை மாற்றிப் பொருத்தியவர்கள், எத்தனை கிரெய்னில் எவ்வளவு வேறுபாடு கண்டீர்கள் என்று தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.