முதல் ஃபுல் மாரத்தான்: 24 கி.மீ. தாண்டினாலே கால் ஓட மறுக்குது

அடையாறு_ஓட்டம்:
வணக்கம். ஜனவரி சென்னை மாரத்தான்ல முதல் முறையா ஃபுல் (42.195 கி.மீ.) ஓடப் பேர் கொடுத்திருக்கேன். கையில 14 வாரம் இருக்கு. வயசு 39, எடை 65 கிலோ, ஹாஃப் மாரத்தான் (21.1 கி.மீ.) டைமிங் 2:10 மணி நேரம். வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம்: செவ்வாய் 8, வியாழன் 8, சனி 6, ஞாயிறு லாங் ரன் 24. எல்லாமே கிலோமீட்டருக்கு 6:10லிருந்து 6:20 நிமிஷத்துக்குள்ள ஓடுறேன். ஆனா 22, 23 கி.மீ.ல தொடை இறுகிடுது, அதுக்கப்புறம் நடைதான். வழியில வெறும் தண்ணிதான் குடிக்கிறேன், மொத்தம் ஒரு லிட்டர் இருக்கும். ஷூ 700 கி.மீ. ஓடியாச்சு.

4:30 மணி நேரத்துக்குள்ள முடிக்க முடியுமா? ஜெல் (ஓடும்போது விழுங்குற சர்க்கரைப் பசை) கட்டாயமா? நவம்பர் மழையில லாங் ரன்னை எப்படிச் சமாளிக்கிறது?

மெதுவா_போ:
முதல்ல உங்க பேஸை, அதாவது ஒரு கி.மீ.க்கு ஆகுற நேரத்தைப் பாருங்க. ஹாஃப் 2:10ன்னா கிலோமீட்டருக்கு 6:10. அதாவது ஒவ்வொரு ஞாயிறும் நீங்க செய்றது லாங் ரன் இல்ல, ஹாஃப் ரேஸ் பேஸ்ல 24 கி.மீ. ஓடப் பார்க்குறீங்க. ஹாஃபை முழு மூச்சா ஓடினா எங்க தீர்ந்து போவீங்களோ, அங்கதான் கால் நிக்குது. தொடையில ஒரு கோளாறும் இல்ல.

லாங் ரன்னை 7:15 – 7:30க்கு இறக்குங்க. ஈஸி ரன்னும் அதே மாதிரிதான். பக்கத்துல ஓடுறவரோட முழு வாக்கியமா பேச முடியணும், அதுதான் அளவு. புழுக்கம் அதிகமான நாள்ல அதே உழைப்புக்கு 7:45 வந்தாலும் வாட்ச்சைப் பார்த்துப் பதறாதீங்க. வியர்வை காயாதப்போ உடம்புச் சூடு இறங்காது. தோலைக் குளிர்விக்கவும் கொஞ்சம் ரத்தம் போகணும்ங்கறதால இதயம் கூடுதலா துடிக்கும்.

ரெண்டாவது விஷயம், வாரத்துக்கு 46 கி.மீ.ல பாதிக்கு மேல ஒரே நாள்ல போகுது. இன்னொரு நாள் சேருங்க. செவ்வாய் 10 ஈஸி, புதன் 6 ஈஸி, வியாழன் 12 (நடுவுல 6 கி.மீ. மட்டும் 6:45 பேஸ்), சனி 8, ஞாயிறு லாங் ரன். ஒரே வாரத்துல இதுக்குத் தாவ வேண்டாம், ஒரு மாசம் எடுத்துக்கோங்க. ஞாயிறு வரிசை 22, 24, 26, பிறகு 20. அடுத்து 26, 28, 30, பிறகு 22. மறுபடி 28, 30, 30. அதோட டேப்பர் (ரேஸுக்கு முன்னாடி தூரத்தைக் குறைக்கிறது): 20, 12, அடுத்த ஞாயிறு ரேஸ். நாலாவது வாரம் இறங்குறதை யாரும் விரும்ப மாட்டாங்க, ஆனா உடம்பு ஏறுறது அந்த வாரத்துலதான்.

டார்கெட் 4:30ன்னா 6:24 பேஸ். ஹாஃப் நேரத்தை ரெண்டால பெருக்கி 10 நிமிஷம் கூட்டுற கணக்கு வாரம் 70, 80 கி.மீ. ஓடுறவங்களுக்கு ஒத்து வரும். நீங்க 4:45 வெச்சுக்கோங்க, 6:45 பேஸ்.

உப்பும்_தண்ணியும்:
பேஸ் பற்றி மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் பேஸைக் குறைத்தால் மட்டும் 24 தாண்டிவிடாது.

ஓட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோகலோரி செலவாகும். 65 கிலோவுக்கு ஃபுல் ஓட 2,700க்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து உடம்பு வைத்திருக்கும் கிளைகோஜன் (சேமித்த மாவுச்சத்து) சுமார் 400 – 500 கிராம், அதாவது அதிகபட்சம் 2,000 கிலோகலோரி. மீதி கொழுப்பிலிருந்து வரவேண்டும். வேகம் கூடக்கூடக் கொழுப்பின் பங்கு குறைந்து கிளைகோஜன் சீக்கிரம் தீரும். 30 – 35 கி.மீ.யில் பலர் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். நீங்கள் வேகமாகவும் ஓடுகிறீர்கள், வழியில் எதுவும் சாப்பிடுவதும் இல்லை. அதனால் அந்தச் சுவர் முன்னாலேயே வந்துவிடுகிறது.

மணிக்கு 40 – 50 கிராம் மாவுச்சத்து உள்ளே போகட்டும். ஜெல் கட்டாயமில்லை, வசதி. பெரும்பாலான ஜெல்களில் 20 – 25 கிராம் இருக்கும். 40ஆவது நிமிடத்தில் முதலாவது, பிறகு அரை மணிக்கு ஒன்று, தண்ணீருடன். ஜெல்லையும் ஸ்போர்ட்ஸ் டிரிங்கையும் ஒன்றாக விழுங்கினால் சர்க்கரை அடர்த்தி கூடி வயிறு புரட்டும். ஜெல் வேண்டாமென்றால் கொட்டை நீக்கிய சின்னப் பேரீச்சை நாலு கிட்டத்தட்ட ஒரு ஜெல்லுக்குச் சமம். கற்கண்டும் சரி. கடலை மிட்டாய் வேண்டாம். கடலையின் கொழுப்பும் புரதமும் செரிக்க நேரமாகும், மென்று முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். எதுவானாலும் குறைந்தது ஐந்தாறு லாங் ரன்னில் பழகியிருக்க வேண்டும். குடலுக்கும் பயிற்சி தேவை.

தண்ணீருக்கு எடைக் கணக்குப் போடுங்கள். ஓடும் முன் உடையில்லாமல் எடை, ஒரு மணி நேர ஓட்டம், வியர்வை துடைத்துவிட்டு மறுபடி எடை. 65.0 இருந்தது 64.1 ஆகி, நடுவே 300 மி.லி. குடித்திருந்தால், வியர்வை மணிக்கு 1.2 லிட்டர். இந்தக் கணக்கில் இரண்டரை மணி நேரத்தில் 3 லிட்டர் போகும். நீங்கள் குடிப்பது 1 லிட்டர். பாக்கி 2 லிட்டர் உங்கள் எடையில் 3 சதவீதம். வேகம் விழ அதுவே போதும். மணிக்கு 600 – 800 மி.லி. வரை ஏற்றுங்கள், சிறு சிறு மடக்காக. போனதை முழுக்க ஈடுகட்ட முயல வேண்டாம். ஐந்து மணி நேரம் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகும். ஓட்டம் முடிந்தபின் எடை கூடியிருந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

வீட்டுக் கலவை: 1 லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை லிட்டருக்கு ஒன்று என்ற அளவில் மட்டுமே கலக்குங்கள். அதில் சோடியம் நிறைய உண்டு, குளுக்கோஸ் 13.5 கிராம்தான், எனவே சாப்பாட்டுக்கு அது மாற்று இல்லை. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஓடி முடித்தபின் தாராளமாகக் குடியுங்கள், வழியில் அதை நம்பி இருக்காதீர்கள். கறுப்பு பனியனில் வெள்ளைக் கோடு படிகிறதென்றால் உங்கள் வியர்வையில் உப்பு அதிகம்.

வேளச்சேரி_மழை:
மழைக்கு வரேன். சென்னையில ஜனவரி ரேஸோட பெரிய தொல்லையே இதுதான். உச்சக்கட்டப் பயிற்சி வடகிழக்குப் பருவமழையோட மோதும். முதல்லயே ஒத்துக்கோங்க, ஒண்ணு ரெண்டு லாங் ரன் போயிடும். போனா போகட்டும். அடுத்த வாரம் சேர்த்து ஓடக் கூடாது. வானிலை அறிக்கை பார்த்து சனிக்கிழமைக்கு மாத்தலாம். சாதாரண மழையில ஓடலாம், இடி மின்னல்னா வேண்டாம். கணுக்கால் அளவு தேங்கின தண்ணியில கால் வைக்கவே வேண்டாம். மூடி இல்லாத மேன்ஹோலும் அறுந்து கிடக்கிற கரண்ட் வயரும் கண்ணுக்குத் தெரியாது. டிரெட்மில்னா 1 சதவீத ஏற்றம், எதிர்ல ஃபேன் கட்டாயம்.

ஈரமான ஷூவை வெயில்லயோ ஹீட்டர் பக்கத்துலயோ வைக்காதீங்க, பசை விட்டுடும். உள்தட்டை உருவிட்டு நியூஸ் பேப்பரைத் திணிச்சு, ரெண்டு மணிக்கு ஒருக்கா மாத்துங்க.

700 கி.மீ. ஓடின ஷூவோட ஃபோம் செத்திருக்கும். பக்கவாட்டுல குறுக்கு மடிப்புக் கோடு விழுந்திருக்கான்னு பாருங்க. புதுசை சாயங்காலம் போய் வாங்குங்க, கால் வீங்கியிருக்கும் நேரம். பெருவிரலுக்கு முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேணும். நகம் கறுக்குறது பெரும்பாலும் இடம் பத்தாததாலதான். நவம்பர் நடுவுல வாங்கினா ரேஸுக்குள்ள நல்லாப் பழகிடும்.

வலியில ஒரு வித்தியாசம் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்பு முழுக்கப் பரவலா வலிச்சா தூரத்தைக் குறைச்சுப் பாருங்க. ஒரே புள்ளியில விரல் வெச்சுக் காட்ற மாதிரி வலிச்சு, ஒத்தைக் கால்ல குதிச்சா சுருக்குன்னா, ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. எலும்புல விரிசலா இருக்கலாம். அப்புறம், மழைக்காலம் டெங்கு காலமும்தான். காய்ச்சலோட ஓடவே ஓடாதீங்க. விட்டாலும் டாக்டர் சொல்ற வரைக்கும் பொறுங்க, வைரஸ் காய்ச்சல் இதயத் தசையைத் தொட்டிருக்கலாம்.

மெதுவா_போ சொன்ன 30 எனக்குக் கொஞ்சம் குறைவாப் படுது. ஒரு தடவையாவது 32 ஓடிப் பார்க்கலாம்.

மெதுவா_போ:
@வேளச்சேரி_மழை 7:20 பேஸ்ல 32ன்னா நாலு மணி நேரத்துக்கு அஞ்சு நிமிஷம்தான் குறைவு. மூணரை மணிக்கு மேல போற ஓட்டத்துல கிடைக்கிற லாபம் கம்மி, அந்த வாரம் முழுக்க ஈஸி ரன்கூடக் கெட்டுடும். அதுக்குப் பதிலா ஒரு வாரம் சனிக்கிழமை 14, மறுநாள் 26 ஓடட்டும். களைச்ச காலோட ஓடுற பழக்கம் வந்துடும்.

அடையாறு_ஓட்டம்:
ரொம்ப நன்றி. இந்த ஞாயிறுலிருந்து 7:20தான். ரேஸ் அன்னிக்கு சாப்பாடும் பேஸும் எப்படி? தொடை இறுகினா வலி மாத்திரை போட்டுக்கலாமா?

உப்பும்_தண்ணியும்:
மாத்திரை வேண்டாம். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

கடைசி இரண்டு நாள் எடைக்கு ஏற்ப கிலோவுக்கு 8 கிராம் மாவுச்சத்து, உங்களுக்கு நாளைக்கு 520 கிராம். சோறு, இட்லி, இடியாப்பம், பழச்சாறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பருப்பு, கீரை, கொண்டைக்கடலையைக் குறையுங்கள், வழியில் வயிறு தொல்லை தராது. அன்று காலை இரண்டரை மணி நேரம் முன்பே நாலு இட்லி சர்க்கரை தொட்டு, ஒரு வாழைப்பழம். சாம்பார் வேண்டாம்.

மெதுவா_போ:
ஓட்டம் விடியுமுன்னே தொடங்கும், குளிர்ச்சியா இருக்கும், கூட்டம் இழுக்கும். முதல் 5 கி.மீ. 6:55ஐ விட வேகமாப் போகாதீங்க. அங்கிருந்து 30 வரைக்கும் 6:45. வெயில் ஏறுறது உங்க கடைசி 15 கி.மீ.லதான். ஒவ்வொரு தண்ணி ஸ்டேஷன்லயும் 30 நொடி நடந்தே குடிங்க, ஓடிக்கிட்டே குடிச்சா பாதி சட்டையில போகும். இன்னொரு கப் தலையில ஊத்துங்க.

வளைவுகள்ல வெளிப்பக்கமா ஓடுறதால வாட்ச் 42.195க்குப் பதிலா 42.6 காட்டலாம். 4:45க்கு வரணும்னா வாட்ச்ல தெரியற சராசரி 6:41 இருக்கணும், 6:45 போதாது. தொடை இடுக்கு, அக்குள், மார்புக்காம்பு மூணுக்கும் வாசலின் தடவி, காம்புக்கு மேல மைக்ரோபோர் டேப் ஒட்டுங்க. பருத்தி பனியன் போட்டா 25 கி.மீ.ல ரத்தம் வந்துடும்.