ஓடுகிறதா, நின்றுவிட்டதா?

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பச்சைத் தேயிலை எடைக் கணக்கையும் ரசீதுப் படங்களையும் தினமும் இரவு கிளவுடில் ஏற்ற, பைத்தானில் போட்டோ3 (boto3, அமேசான் கிளவுடோடு பேச உதவும் நூலகம்) வைத்து ஒரு சின்ன கமாண்ட் லைன் கருவி எழுதிக் கொடுத்திருந்தேன். வேலை முடிந்தால் 'முடிந்தது' என்று ஒரு வரி வரும். அதுவரை திரையில் ஒன்றும் வராது.

ஐப்பசி மழையில் நெட் இழுவையாக இழுக்கும். கணக்கர் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, போயிட்டிருக்கா, நின்னு போச்சா?" என்பார். எனக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு கண்ட்ரோல் சி அடித்து நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஓட்டுவார். ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை வரை இதற்காகவே உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்தபோது மனசு கேட்கவில்லை.

அந்த வாரமே வெர்போஸ் (verbose) ஆப்ஷன் சேர்த்தேன், ஓடும்போதே நடப்பதைத் திரையில் சொல்ல. ஒரு தடவை 'வி' (-v) கொடுத்தால் 'பகுதி 7/32' என்று வரும், அது அண்ணனுக்கு. இரண்டு தடவை கொடுத்தால் ஒவ்வொரு கோரிக்கையும் மறுமுயற்சியும் நேரத்தோடு வரும், அது எனக்கு. பார்த்த முதல் இரவே விஷயம் புரிந்துவிட்டது. போட்டோ3 பெரிய ஃபைலை 8 எம்பி துண்டுகளாக்கி, நாம் எதுவும் மாற்றாவிட்டால் ஒரே நேரத்தில் 10 துண்டு வரை அனுப்பும். எங்கள் லைனுக்கு அது தாங்கவில்லை. எல்லாத் துண்டும் 60 வினாடி டைம் அவுட்டில் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தன. பத்தை இரண்டாகக் குறைத்தேன், சரியாகிவிட்டது.

முதலில் இந்த வரிகளை எஸ்டிடி அவுட்டிலேயே (stdout, கருவியின் முடிவு வெளிவரும் வழி) எழுதிவிட்டேன். ஏற்றிய ஃபைல்களின் பட்டியலை அதிலிருந்துதான் இன்னொரு ஸ்கிரிப்ட் படிக்கும், மறுநாள் காலை அது உடைந்து கிடந்தது. விவரமெல்லாம் எஸ்டிடி எர்ருக்குத்தான் (stderr, பிழைக்கும் தகவலுக்குமான தனி வழி) போக வேண்டும். அப்புறம், டீபக் (debug, உள்ளே நடப்பதையெல்லாம் காட்டும் முறை) வெளியீட்டை அப்படியே குரூப்பில் ஒட்டாதீர்கள். நம் கிளவுட் கணக்கின் ஆக்சஸ் கீ ஐடியும், சில நேரம் தற்காலிக டோக்கனும் அதில் இருக்கும்.

—

கோத்தகிரி நண்பரின் பதிவைப் படித்தேன். கொடைக்கானலில் எனக்கு நடந்தது வேறு. கரண்ட் போய் வந்தாலே பழைய கம்ப்யூட்டரின் கடிகாரம் பின்னால் போய்விடும், உள்ளே பேட்டரி தீர்ந்திருந்தது. நேரம் 15 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் எஸ்3 (S3, அமேசானின் கிளவுட் சேமிப்பிடம்) கோரிக்கையை ஏற்காது. அந்தப் பிழைச் செய்தி வரத்தான் செய்தது. ஸ்கிரிப்டில் அதை டெவ் நல்லுக்குத் (/dev/null, போனதெல்லாம் மறைந்துவிடும் இடம்) திருப்பி, வெறும் 'தோல்வி' என்று மட்டும் காட்டும்படி நான்தான் எழுதியிருந்தேன். டீபக் போட்டு ஓட்டிய பிறகுதான் காரணம் கண்ணில் பட்டது. மூன்று நாள் ரௌட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.