மறு: [கலைச்சொல்] எஸ்கேப் பாட்: தப்புக்கலமா, உய்கலமா?

> விண்போர்க் கதைகளில் கப்பல் அழியும்போது உள்ளிருப்போர் ஏறி வெளியேறும் சிறுகலமான எஸ்கேப் பாடுக்குத் 'தப்புக்கலம்' என்றே போட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் போர்ச்சட்டத்தைத் தொட்டு எழுதும் கதையில் அந்தச் சொல் நம் பக்கத்து வழக்கையே தோற்கடித்துவிடும். ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறையில் (1977) 41-ஆம் பிரிவைப் பாருங்கள். எதிரியின் பிடியில் இருப்பவர், சரணடைவதாகத் தெளிவாகக் காட்டியவர், காயத்தாலோ நோயாலோ தற்காத்துக்கொள்ள முடியாதவர் ஆகியோரைத் தாக்கக் கூடாது. அதற்கு ஒரு நிபந்தனை: அவர் பகைச்செயலில் இறங்கக் கூடாது, தப்பிக்கவும் முயலக் கூடாது. தப்ப முயன்றால் காப்பு போயிற்று. காப்பு வேண்டி நிற்கும் கலத்துக்கே அந்தப் பெயரை எப்படி வைப்பது?

கலத்தில் இருப்பவருக்கு நெருங்கிய உவமை 42-ஆம் பிரிவில் இருக்கிறது: அடிபட்ட விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிப்பவர். இறங்கி முடிக்கும்வரை அவரைச் சுடக் கூடாது. தன் படை இருக்கும் இடத்திலேயே இறங்கப்போகிறார் என்றாலும் கூடாது. அவர் செய்வது உயிர் பிழைப்பது. ஆகவே 'உய்கலம்'. சுடுகாடு, ஊறுகாய் போல வினைத்தொகை. உய்கலத்தார், உய்கலக்குறி என்று நீட்டவும் வளைந்துகொடுக்கும்.

அதே பிரிவு, தாக்குவதற்காகக் குதிக்கும் வான்குடைப் படைக்குக் காப்புத் தரவில்லை. எனவே எதிரிக் கப்பலில் ஏற வீரர்களைச் சுமந்துவரும் சிறுகலத்துக்குத் தனிச்சொல் வேண்டும்: 'பாய்கலம்' என்கிறேன். பாய்கலம் உய்கலக்குறியை ஒலிபரப்பி ஏமாற்றி ஆளைக் கொன்றால் 37-ஆம் பிரிவு விலக்கும் வஞ்சகம் அது. அடுத்து வரும் உண்மையான உய்கலத்தை எவனும் நம்ப மாட்டான். சட்டம் அஞ்சுவது இதைத்தான்.

> மொத்த விதிக்கும் 'தழிஞ்சி' என்ற பழஞ்சொல்லை மீட்டால் என்ன?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் புறப்பொருள் வெண்பாமாலையில் தழிஞ்சி என்பது புறமுதுகிட்டவர்மேல் படைக்கலம் ஓச்சாமை. இன்றைய சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை: பின்வாங்கும் படை சரணடையாதவரை தாக்கத்தக்க இலக்குதான். தொல்காப்பியத்தில் அச்சொல்லுக்குப் பொருளே வேறு. 41-ஆம் பிரிவின் ஆட்களுக்குப் 'போரொழிந்தோர்' போதும்; 'போர்விலகியோர்' என்றால் படையைவிட்டு ஓடியவர் என்று படும்.

———

(இன்னொருவரின் மறுமொழி) உய்கலத்துக்கு என் ஒப்பு. 'கப்பல் தலைவர் தேவை எனக் கருதினாலன்றி, ஆயுதமற்ற உய்கலத்தாரைத் தாக்கக் கூடாது' என்ற உங்கள் வரையறையில் மட்டும் இரண்டு திருத்தம்.

'கப்பல் தலைவர் தேவை எனக் கருதினாலன்றி' என்ற தொடரை எடுத்துவிடுங்கள், ஐயா. 1944 மார்ச்சில் பெலியூஸ் என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்த ஜெர்மன் நீர்மூழ்கியின் தலைவர் ஹைன்ஸ் எக், மிதவைகளையும் சிதைவுகளையும் சுடவைத்தார். தடயம் மிதந்தால் விமானங்கள் தன்னைக் கண்டுபிடித்துவிடும் என்பது அவர் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை, 1945-இல் அவரும் இன்னும் இருவரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். 'உய்கலங்களின் வெப்பத்தடம் நம்மைக் காட்டிக்கொடுக்கும், சுடு' என்று விண்கப்பல் தலைவர் சொல்வதும் அதே வாதம்தான்.

'ஆயுதமற்ற' என்பதும் வேண்டாம். விழுந்த விமானியின் இடுப்பில் கைத்துப்பாக்கி இருக்கும். அதனால் காப்பு போகாது. 'பகைச்செயலில் ஈடுபடாத' என்று மாற்றுங்கள்.