சென்னையில படிச்ச காலம்: மழையிலோ வெயில்லயோ பாத்த, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு ஆள்

மேன்ஷன் வாசி:
வர்தா. 2016 டிசம்பர் 12. திருவல்லிக்கேணி மேன்ஷன்ல மூணாவது மாடி, ஒரு ரூமுக்கு மூணு பேர். புயலைப் பத்தி நான் சொல்ல ஒண்ணுமில்ல, இருந்தவங்களுக்குத் தெரியும். பழைய 500, 1000 செல்லாதுன்னு சொல்லி ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு. என்கிட்ட ஒரே ஒரு புது 2000 ரூபா நோட்டு. அதுக்குச் சில்லறை குடுக்க ஆளே இல்ல. கரண்ட் போனதால கார்டு தேய்க்குற மெஷினும் படுத்துடுச்சு.

ராத்திரி கீழ இறங்குனா, தெருமுனை இட்லி ஆயா எங்க படிக்கட்டுக்கு அடியில அடுப்பைக் கொண்டாந்து வெச்சிருந்தாங்க. ஒரு இட்லித் தட்டைக் கவுத்துப் போட்டு அது முதுகுல மெழுகுவத்தி ஒட்டியிருந்துச்சு. அந்த வெளிச்சத்துல ஆவி எழும்புனது இப்பவும் கண்ணுலயே நிக்குது. நோட்டை நீட்டுனேன். "இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்ண? துன்னு நைனா, துட்டு அப்பால குடு"ன்னாங்க. நாலு நாள் அப்படித்தான் சாப்பிட்டேன். 340 ரூபா. அவங்க எழுதி வெக்கல, நான்தான் எழுதி வெச்சேன்.

பொங்கலுக்கு ஊர், வந்ததும் மெரினால ஜல்லிக்கட்டுப் போராட்டம். நாள் ஆக ஆக, இவ்ளோ நாள் கழிச்சு எந்த மூஞ்சியோட குடுக்குறதுன்னு ஆயிடுச்சு. அந்த முனை பக்கமே போகாம அடுத்த தெரு வழியா சுத்திப் போக ஆரம்பிச்சேன். கையில காசு இருந்துச்சு, அதான் உறுத்துது. ஏப்ரல்ல துணிஞ்சு போனப்போ அந்த இடத்துல செல்போன் கவர் விக்கிற வண்டி நின்னுச்சு. ஆயான்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பேரைச் சொல்லி விசாரிக்க எனக்குப் பேர் தெரியல.

குடம் நம்பர் 31:
எனக்கு 2019 ஜூன். பெருங்குடி பக்கம் லேடீஸ் ஹாஸ்டல். புழல், பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம்னு சென்னைக்குத் தண்ணி தர்ற ஏரி நாலும் காஞ்சு கெடந்த வருஷம். அன்னைக்கு எனக்கு வைவா, குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. தெருவுக்கு மெட்ரோ வாட்டர் லாரி வந்த சத்தம் கேட்டு, நானும் ரூம் தோழியும் பக்கெட்டைத் தூக்கிட்டு ஓடிப் போய் வரிசைல நின்னோம். முன்னாடி நின்ன அக்கா திரும்பிப் பாத்தாங்க. இடுப்புல கைக்குழந்தை, கால்கிட்ட பச்சை, மஞ்சள்னு மூணு குடம். கோவப்படவே இல்ல. "உங்க ஓனர் தண்ணிக்கும் சேத்துத்தானம்மா வாடகை வாங்குறாரு? அவரு காசு குடுத்து லாரி வரவெப்பாரு. எங்களுக்கு யாரு வரவெப்பா?"ன்னு மெதுவாக் கேட்டாங்க.

பதில் இல்ல. வரிசைய விட்டு வந்துட்டோம். வாட்டர் கேன்ல ஒரு சொம்பு எடுத்து மூஞ்சி கழுவிட்டு வைவாவுக்குப் போனேன்.

ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டைல இருந்து முதல் தண்ணி ரயில் வில்லிவாக்கம் வந்துச்சே, 50 வேகன், 25 லட்சம் லிட்டர். எங்க ஊரு வாணியம்பாடி. அம்மா போன் பண்ணி, "நம்ம பக்கத்துத் தண்ணி உனக்கு ரயிலேறி வருதுடி, பாத்துச் செலவு பண்ணு"ன்னாங்க. அங்கயும் தண்ணிக்கு அலையிறவங்கதான் எங்க வீட்டுல. அந்த அக்கா கேட்டது இன்னும் காதுல இருக்கு.

சைதைக்காரன்:
மேன்ஷன் தம்பி, வர்தாவைப் பெருசாச் சொல்றீங்க. அது ஒரு பகல் அடிச்ச காத்து. 2015 டிசம்பர் 1 ராத்திரியப் பாத்தவங்க இப்படிச் சொல்ல மாட்டாங்க. தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கத்துத் தண்ணி, அடையாறு ரெண்டும் சேந்து ஜாபர்கான்பேட்டைல எங்க தரைத்தள ரூமுக்குள்ள வந்துச்சு. என் ரூம்மேட் பத்தாவது, பன்னெண்டாவது மார்க் ஷீட் ரெண்டையும் பனியனுக்குள்ள வெச்சுக் கட்டிக்கிட்டு மாடி ஏறுனான். காலைல எடுத்துப் பாத்தா மை மொத்தமும் அவன் வயித்துல இருந்துச்சு. சத்தமே இல்லாம தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுனான்.

இப்பப் படிக்க வர்ற புள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ரூம் பாக்குறதுன்னா ஜூன்ல பாக்காதீங்க, ஜூன்ல எல்லா ரூமும் நல்லாத்தான் இருக்கும். வேற வழியில்லாம ஜூன்ல பாத்தா, சுவத்துல முழங்கால் உசரத்துல புதுசா பெயின்ட் அடிச்சிருக்கான்னு பாருங்க. அது வெள்ளம் நின்ன அடையாளம். எதிர்ப் பெட்டிக்கடைல டீ குடிச்சுக்கிட்டே "போன ஐப்பசில தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?"ன்னு கேளுங்க. ஓனர் மறைப்பாரு, பெட்டிக்கடைக்காரர் மறைக்க மாட்டாரு. தரைத்தளம் வேணவே வேணாம். மொட்டை மாடிக்கு அடியில உள்ள ரூமும் வேணாம், கத்திரில ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மேல்தளம் அனல் கக்கும். சம்ப் எங்க இருக்கு, மோட்டார் எத்தனை மணிக்குப் போடுறாங்க, போர்ல உப்புத் தண்ணியா, எல்லாத்தையும் அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க. சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணாதீங்க, பின்னால சீல் போட முடியாது. ரெண்டு பிளாஸ்டிக் கவர் போட்டுப் பரண்ல வையுங்க. வெள்ளத்துக்கப்புறம் அரசாங்கம் முகாம் வெச்சு நகல் குடுத்துச்சு, உண்மைதான். ஆனா அதுக்கும் அலையணும். குடம் நம்பர் 31, உங்க ஹாஸ்டலுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

மேன்ஷன் வாசி:
அண்ணே, புயல் பெருசா வெள்ளம் பெருசான்னு நான் பேசவே இல்ல. நான் சொன்னது 340 ரூபாயைப் பத்தி. உங்க ரூம்மேட் என்ன ஆனாருன்னு நீங்க சொல்லவே இல்லையே?

பந்திக்காரன்:
மழையும் வெயிலும் உங்களுக்கு. கேட்டரிங் வேலைக்குப் போயிப் படிச்ச எங்களுக்கு முகூர்த்தம்தான் பருவம். தை, வைகாசி, ஆவணின்னா கையில காசு. ஆடி, புரட்டாசி, மார்கழி பட்டினி. தேர்வுக் கட்டணம் கட்டச் சொல்றது சரியா புரட்டாசிலதான்.

ஒரு தை மாசம், வடபழனில ரிசப்ஷன். சாம்பார் வாளியோட ரெண்டாவது பந்தில வரிசையா வர்றேன். ஏழாவது இலைல எங்க கணக்கு புரொபசர். நிமிந்து பாத்தாரு. கண்ணு நேராப் பட்டுச்சு, அதுல சந்தேகமே இல்ல. "கொஞ்சமாப் போடுங்க"ன்னாரு. கிளாஸ்ல "ஏய் லாஸ்ட் பெஞ்சு"ன்னு கூப்பிடுறவரு, "போடுங்க"ன்னாரு. என்னைத் தெரிஞ்ச மாதிரி ஒரு அசைவு இல்ல. மறுநாள் முதல் பீரியடுக்கு 20 நிமிஷம் லேட்டாப் போனேன், அட்டெண்டன்ஸ் போட்டிருந்தாரு. கடைசி வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. கூச்சமா, பெருந்தன்மையா, எனக்குப் புரியல.

சாக்பீஸ்:
நானும் வாத்தியார்தான். அது பெருந்தன்மைதான், சந்தேகமே வேணாம். பந்தில உக்காந்துக்கிட்டுப் பையன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, பக்கத்து இலைக்காரங்க எல்லாம் திரும்பிப் பாப்பாங்க. அதைத்தான் தவிர்த்திருக்காரு. அட்டெண்டன்ஸே சாட்சி.

குடம் நம்பர் 31:
நான் ஒத்துக்க மாட்டேன் சார். பந்தில வேணாம், சரி. மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு "ஃபீஸ் கட்டிட்டியா?"ன்னு கேட்டிருக்கலாமே. பேசாம இருக்குறது அவருக்குச் சுலபம், பையனுக்கு இல்ல. இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்காரு பாருங்க.

பந்திக்காரன்:
அன்னைக்கு அவரு மோருக்கு நிக்கல. நான் ரசம் எடுத்துட்டு அந்த வரிசைக்குத் திரும்புறதுக்குள்ள எந்திரிச்சுட்டாரு. இலையை மூடியிருந்தாரு. எடுக்குறப்போ பிரிஞ்சுது, நான் ஊத்துன சாம்பார் சாதம் அப்படியே இருந்துச்சு.

சைதைக்காரன்:
மேன்ஷன் தம்பி கேட்டதுக்கு: ரூம்மேட் அந்த செமஸ்டரோட படிப்பை நிறுத்திட்டான். மார்க் ஷீட் நகல் வந்துச்சு, நான்தான் போய் வாங்குனேன். என்கிட்டயே இருக்கு.

மேன்ஷன் வாசி:
அவர் ஊர் எதுன்னு தெரியுமா அண்ணே?